வியாழக்கிழமைகளில் வந்தவள்

ஜூலை 13, சனி

இந்தத் தொடரை நான் பார்ப்பதில்லை. கூடத்தில்தான் நல்ல மின்விசிறி இருக்கிறது. ஏழரை மணிக்கு வீட்டுக்காரி பிரமு அங்கேதான் ‘பவள மாளிகை’ போடுகிறாள். நான் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன். காதைக் கழற்றியா வைக்க முடியும்?

மிருதுளா என்று ஒரு புதுப்பெண். கணவன் வீடு பழைய பங்களா. அங்கே பூட்டிய நிலவறைக்குள்ளிருந்து ஒரு குரல் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? வாசலைப் பார்த்து ஓடுவாள். இவள் ஒரு அகல் விளக்கை ஏற்றிக்கொண்டு தனியாக உள்ளே இறங்குகிறாள். கையில் போன் இருக்கிறது, போனில் டார்ச் இருக்கிறது, பக்கத்துச் சுவரில் சுவிட்ச் பெட்டிகூடத் தெரிகிறது. அகல் விளக்காம்! காற்றடித்து அணைந்துவிட்டதாம்! அணையாமல் என்ன செய்யும்?

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன் நான், கடைசிப் பதினோரு வருஷம் போர்மேன். கம்பத்தில் ஆள் ஏறுமுன் சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும். லைன் கிளியர். ‘கரண்டை நிறுத்தியாயிற்று, இனி நீங்கள் தொடலாம்’ என்பதற்கான ஒப்புதல் அது. அது வராமல் ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது. இவள் யாரிடம் எல்.சி. வாங்கிக்கொண்டு நிலவறைக்குள் போனாள் என்று கத்தினேன்.

“அவ என்ன ஈ.பி.யிலயா வேலை பாக்கா?” என்றாள் பிரமு.

நாளை மறுநாள் மதுரைக்குப் போய் மகள் செண்பகாவை அழைத்து வர வேண்டும். தையில் கல்யாணமானவள், இது தலை ஆடி. ஆடி முழுக்க நம் வீட்டில் இருப்பாள். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவார்.

ஜூலை 15, திங்கள்

போய் அழைத்து வந்தாயிற்று. சம்பந்தியம்மாள் காபி கொடுக்கும்போதே குறை சொன்னாள். “வேலை கொஞ்சம் பழக்கி அனுப்புங்க சம்பந்தி. கையில எதுவும் நிக்க மாட்டேங்குது. இந்த மாசத்துல மட்டும் மூணு கண்ணாடி டம்ளர் போயிருச்சு.” எனக்குச் சுருக்கென்றது. பிரமு வளர்த்த லட்சணம்.

மாப்பிள்ளை திவாகர் பஸ் நிலையம் வரை வந்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டுப் போனார். தங்கமான பிள்ளை. செண்பகா சாத்தூர் வரைக்கும் தூங்கினாள். கண்டக்டர் சில்லறைக்காகத் தோளைத் தட்டினார். விருட்டென்று எழுந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தூக்கக் கலக்கம்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய்ப் பால் காய்ச்சினார்கள். நன்றாக இருந்தது, இனிப்பு சற்றுத் தூக்கல்.

மிருதுளாவின் கணவன் ஆதவனுக்குள் அந்தப் பங்களாவின் செத்துப்போன ஜமீன்தார் புகுந்துகொள்கிறான். மாலை ஆறு மணியானால் கண் சிவந்துவிடுகிறது. கழுத்தைப் பிடிக்கிறான், சாமானைத் தூக்கி அடிக்கிறான். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி மல்லிகைப் பூ வாங்கி வந்து தலையில் வைத்துவிடுகிறான். இவளும் தலையைக் குனிந்து வைத்துக்கொள்கிறாள்! வைத்துக்கொண்டு, ‘இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று கண்ணாடியைப் பார்த்துச் சபதம் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைய வேண்டியதுதானே!” என்றேன்.

முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த செண்பகா தலையைத் தூக்காமலே கேட்டாள். “யார்கிட்டப்பா சொல்லணும்?”

“அப்பன்கிட்டச் சொல்லட்டும். அப்பன்னு ஒருத்தன் பிறகு எதுக்கு இருக்கான்?”

கீரை ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்பெல்லாம் கால் மணியில் முடித்துவிடுவாள். சம்பந்தியம்மாள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது போல.

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. செண்பகவல்லி அம்மன் கோவிலில் சரியான கூட்டம். பிரமு மஞ்சள் கயிறு ஒன்று வாங்கிப் பூசாரியிடம் கொடுத்து மந்திரித்து, செண்பகாவின் வலது மணிக்கட்டில் கட்டினாள். எதற்கு என்றேன். “சும்மாதான். நோய் நொடி வராம இருக்கட்டும்” என்றாள். கயிறு கட்டும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் மோட்டார் மறுபடி காற்று வாங்குகிறது. வால்வு மாற்ற வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

கடைசியில் மிருதுளா தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். தணிகாசலம் என்று ஒரு பெரிய மனிதர், ஜிப்பா போட்டுக்கொண்டு. மலை மேல் இருக்கும் சாமியாரிடம் ஓடினார், தாயத்து வாங்கினார், மகள் கையில் கட்டினார். ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்லி அதே பங்களாவில் கொண்டுபோய் விட்டார்.

“பரவாயில்ல, இந்த ஆளாவது ஏதோ செஞ்சார்” என்றேன்.

“அங்கயேதானப்பா திரும்ப விட்டாரு?” என்றாள் செண்பகா.

“பிறகு எங்க விடுவார்? அது அவ வீடுலா?”

“ஜமீன்தார் வீடுன்னுலா சொன்னாக.”

இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குறுக்குக் கேள்வி. ஆனாலும் யோசித்தால் தணிகாசலம் ஒரு தப்புச் செய்திருக்கிறார். தாயத்து வேலை செய்கிறதா என்று யாரைக் கேட்டார்? மருமகனைக் கேட்டார். ‘எல்லாம் நல்லா இருக்கு மாமா’ என்றான் அவன். ஆறு மணிக்குக் கண் சிவக்கிறவனிடமே விசாரணையா?

எல்.சி. விஷயத்தில் இதற்கு ஒரு சட்டமே உண்டு. வேலை முடிந்தது என்று, யார் லைனில் நின்றார்களோ அவர்கள் இறங்கி வந்து நேரில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்த பிறகுதான் எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்துக் கரண்ட் விடச் சொல்லலாம். இன்னொருத்தன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கரண்ட் விடச் சொல்லிவிட்டு, ஒரு வயர்மேனின் கை போன கதை எனக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில். ஒரு முட்டாள் போர்மேன் செய்த வேலை.

ஜூலை 26, வெள்ளி

மாப்பிள்ளை போன் செய்தார், எனக்குத்தான். மரியாதையான பையன். மோட்டார் வால்வைப் பற்றியெல்லாம் விசாரித்தார். “செண்பகா எப்படி இருக்கா மாமா? நடுவுல சின்னச் சின்ன மனஸ்தாபம். இப்ப எல்லாம் சரியாயிருச்சு மாமா” என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது.

செண்பகாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“யாருக்குப்பா சரியாயிட்டாம்?”

என்ன பேச்சு இது? பெண்ணுக்கு வாய் நீண்டுவிட்டது என்று பிரமுவிடம் சொன்னேன். பிரமு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் எல்லோரும் அடுப்பங்கரைக்குப் போகிறார்கள்.

ஜூலை 29, திங்கள்

வால்வு மாற்றியாயிற்று. தண்ணீர் நன்றாக ஏறுகிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்றைக்கு நான் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், பேப்பரை மடித்து வைத்துவிட்டே பார்த்தேன்.

மிருதுளா ஒரு வழியாகக் கொல்லைக் கதவு வழியே தப்பித்து, வெறுங்காலோடு ஓடி, அப்பா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கழுத்தில் ஐந்து விரல் தடம். தணிகாசலம் கதவைத் திறந்தார், கட்டிப்பிடித்து அழுதார், சாதம் ஊட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். விடிந்தது. அந்த ஆள் காரை எடுத்தார். மகளை ஏற்றினார். நேரே பங்களாவுக்கு விட்டார்! அவரே ஓட்டிக்கொண்டு போகிறார்! பின் சீட்டில் அவள் அழுதுகொண்டு வருகிறாள், இவர் கண்ணாடியில் பார்த்து, ‘நாலு பேர் என்னம்மா சொல்லுவாங்க’ என்கிறார்.

“அடப் பாவி! நீ மனுசனா? விரல் தடத்தப் பாத்தே, பாத்துட்டு அங்கயே கொண்டு விடுதியே! உன் கையப் பிடிச்சு அந்த நிலவறைக்குள்ள தள்ளணும்டா!” ரிமோட்டை எடுத்து வீசிவிட்டேன். பேட்டரி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

“பிரஷர் மாத்திரை போட்டீகளா இல்லையா?” என்றாள் பிரமு.

செண்பகா சிரித்தாள். ஆடிக்கு வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தாள். சரி, பெண் சிரிக்கிறதே என்று நானும் சிரித்தேன். அவள் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வர, முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிரமு எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது.

என்ன வேடிக்கையைக் கண்டாளோ.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. நாலு வகைச் சாதம். பாலுச்சாமி வந்திருந்தான். அவர்கள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பத்திரிகை வைக்க. அவனும் என்னோடு வேலை பார்த்தவன், வயர்மேன். வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. இப்போது இடது கையாலேயே சைக்கிள் ஓட்டுகிறான், கையெழுத்துப் போடுகிறான், சட்டைப் பொத்தான் போடுகிறான்.

செண்பகாதான் காபி கொண்டுவந்து கொடுத்தாள். தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பாலுச்சாமி பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

“பாப்பா, நீ எடக்கை ஆளு இல்லையே?”

“இல்ல மாமா.”

“பிறகு என்ன எடக்கையில குடிக்கே? டம்ளரக் கீழ வைக்கும்போதும் எடக்கையாலதான் வச்சே. சோறு போடும்போது கரண்டியும் எடக்கையில இருந்துச்சு.”

“பாத்ரூம்ல வழுக்கிட்டு. லேசா சுளுக்கு.”

“எப்ப?”

“ஆனியில.”

பாலுச்சாமி காபியைக் குடித்து முடித்தான். போகும்போது நான் வாசல் வரை போனேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, சுளுக்கு ஒன்றரை மாசமா இருக்காது. வலக்கையை மறந்துட்டு எடக்கையப் பழகுறது லேசுப்பட்ட காரியம் இல்ல, எனக்குத் தெரியும். பாப்பாகிட்டக் கேட்டீகளா?”

“மாப்பிள்ளைகிட்டப் பேசுனேன். எல்லாம் சரியா இருக்குன்னார்.”

“மாப்பிள்ளைகிட்டயா?” என்றான். சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான். “அன்னைக்கும் நீங்க என்கிட்டக் கேக்கல.”

போய்விட்டான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. தர்ப்பணம் செய்தேன். எள் சரியில்லை.

பாலுச்சாமிக்கு என்ன திமிர் இருந்தால் என் வீட்டில் காபி குடித்துவிட்டு அப்படிச் சொல்லுவான்? பதினைந்து வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சொன்னதில்லை. விசாரணை அதிகாரி கேட்டபோதும் சொன்னதில்லை. இப்போது என்ன வந்தது? அவன் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது. கொடைக்குப் போக மாட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஏழரை மணிக்கு நான் கூடத்தில் இல்லை. உள் அறையில் இந்த டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு செண்பகா எப்போதெல்லாம் வந்தாள் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. எதற்கென்று தெரியவில்லை, தோன்றியது.

மார்ச் 14, வியாழன். ‘செண்பகா சாயங்காலம் வந்தாள். திடீர் வரவு. ஞாயிறு மாப்பிள்ளை வந்தார், அனுப்பி வைத்தேன்.’

ஏப்ரல் 25, வியாழன். ‘செண்பகா வந்தாள், கையில் பைகூட இல்லை. மறதிக்காரி. கோபக்காரராக இருக்கிறார் என்று ஏதோ சொன்னாள். கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னேன். ஞாயிறு அனுப்பி வைத்தேன்.’

ஜூன் 6, வியாழன். ‘செண்பகா வந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன், ஒன்றுமில்லை என்றார். ஞாயிறு மதுரை வரை நானே கொண்டுபோய் விட்டேன்.’

நானே கொண்டுபோய் விட்டேன். என் கையெழுத்து. கோணல் இல்லாமல் அழகாக இருக்கிறது.

மூன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையன்று வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது, மகாலட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். என் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். வியாழன் சாயங்காலம் வந்தால் வெள்ளி முழுக்க யாரும் ‘எப்போது கிளம்புகிறாய்’ என்று கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை வேலை உண்டு. ஆக ஞாயிறு வரை.

அந்த முட்டாள் போர்மேன் நான்தான். இதுவரை எந்தத் தாளிலும் எழுதியதில்லை, விசாரணையில்கூட ‘தகவல் தொடர்பில் ஏற்பட்ட குறை’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று லைன் இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் தலையை எண்ணவில்லை. வெயில், பசி, டீக்கடை பக்கத்தில் இருந்தது. சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, ‘முடிந்தது, விடு’ என்றேன். விட்டுவந்த கட்டிங் பிளேயரை எடுக்கப் பாலுச்சாமி மறுபடி மேலே ஏறியிருந்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏழே முக்காலுக்கு, பாட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது, டி.வி.யை அணைத்தேன். செண்பகாவின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் மடங்காது, மடக்கினேன்.

“நான் யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல. உன்கிட்டத்தான் கேக்குதேன். நீ சொல்லு.”

அவள் மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“கதவு இடுக்குல வச்சு அமுக்கினாகப்பா.”

கதவு இடுக்கில். வலது கையை வைத்து. கதவைச் சாத்தினான். காரணம், அவள் எனக்குப் போன் செய்யப் போனை எடுத்தாளாம். ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப்போய், வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனே சொல்லி, மாவுக்கட்டுப் போட வைத்திருக்கிறான். சம்பந்தியம்மாள் மூன்றாவது வாரமே அதை வெட்டி எடுத்துவிட்டிருக்கிறாள், வீட்டு வேலை கெடுகிறது என்று. நான் போய்க் காபி குடித்துவிட்டு வந்த வீடு. ‘கையில எதுவும் நிக்க மாட்டேங்குது’ என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள்!

இன்னும் சொன்னாள். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். அது அவள் விஷயம்.

“வியாழக்கிழமை வியாழக்கிழமையா வந்தியே” என்றேன்.

“வெள்ளிக்கிழமை அனுப்ப மாட்டீகள்லா. ஒரு நா கூடக் கிடைக்கும்” என்றாள்.

என் வீட்டில், நான் உயிரோடு இருக்கும்போது, என் பெண் மகாலட்சுமியின் பெயரைச் சொல்லி ஒரு நாள் கடன் வாங்கியிருக்கிறாள். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. தணிகாசலத்தைப் பார்த்துக் கத்தினேனே, ரிமோட்டை வீசினேனே, அப்போது அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 7, புதன்

பிரமுவுக்கு முன்பே தெரியும். முதல் நாள் எண்ணெய் தேய்த்துவிடும்போதே பார்த்திருக்கிறாள். முதுகிலும் தடம் இருந்ததாம்.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். “பெத்தவதானே நீ? பாத்துட்டு ஒரு கயித்தக் கட்டிட்டுப் பேசாம இருந்தியா? அந்த மலைச் சாமியார்தான் உனக்குக் குருவா? என்கிட்டச் சொன்னா என்ன?”

முப்பது வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துக் கத்தி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

“சொன்னா என்ன செய்வீக? உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேப்பீக! போன தடவை அப்படித்தானே செஞ்சீக? அவன் ஒண்ணுமில்லன்னான், நீங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்தீக. அதுக்கப்புறந்தான் கை போச்சு. நான் சொல்லாம இருந்ததே அவளுக்கு அடி விழாம இருக்கத்தான்!”

இந்தத் தடவை நான்தான் அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எலும்பு டாக்டரிடம் போனோம். பெண் டாக்டர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது, திறந்து மறுபடி சேர்த்துத் தகடு வைக்க வேண்டும் என்றார். “எப்படி ஆச்சு?” என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். டாக்டர், “நீங்க இல்ல சார், அவங்க சொல்லட்டும்” என்றார். சரியான ஆள். வாரியத்தில் இருந்திருந்தால் ஒரு விபத்து நடந்திருக்காது.

செண்பகா சொன்னாள். டாக்டர் அதை அப்படியே எழுதினார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்க மனு. நான் நாலு பக்கம் எழுதினேன். செண்பகா படித்துவிட்டு முக்கால்வாசியை அடித்தாள். “இதுல உங்க கோவந்தான்பா இருக்கு. நடந்தது இல்ல” என்றாள். தானே இடது கையால் எழுத உட்கார்ந்தாள். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி நெளிந்தது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். நான் வாங்கி எழுதவா என்று இரண்டு தடவை கேட்டேன். வேண்டாம் என்றாள்.

கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 14, புதன்

டி.வி. போடச் சொன்னது செண்பகாதான். “அவ என்ன செய்யுதான்னு பாக்கணும்பா.”

மிருதுளா பங்களாவில்தான் இருக்கிறாள். அவளே ஜமீன்தாரின் ஆவிக்குச் சாந்தி செய்து கணவனை மீட்கப் போகிறாளாம். நாற்பத்தெட்டு நாள் விரதம். பிரமு மூக்கைச் சிந்தினாள். நான் திட்டுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் செண்பகா திட்டிவிட்டாள்.

“ஏ கோட்டிக்காரி! கொல்லைக் கதவு தெறந்துதான் கெடக்கு, போயேன்!”

அவள் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி இரண்டு. வந்தார்கள். மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மாள். தாம்பாளத்தில் பழம், பட்டுப்புடவை, ஒரு பந்து மல்லிகைப் பூ. பூவைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்குள் இரைந்தது. மனு கொடுத்தது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மூன்று பேரும் வந்திருக்கிறார்கள்.

சம்பந்தி ஆரம்பித்தார். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், போலீசு கீலீசு என்று போனால் யாருக்கு அசிங்கம், பெரியவர்கள் நாம் பேசி முடிப்போம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திவாகர் என் காலடியில் வந்து உட்கார்ந்தான். “மாமா, ஒரு கோபத்துல நடந்துருச்சு. நான் மாறிட்டேன் மாமா. இப்ப எல்லாம் சரியாயிருச்சு.”

“நீ சொல்லக் கூடாது” என்றேன். அவனை முதல் தடவையாக நீ என்று சொன்னேன். “எல்லாம் சரின்னு நீ எனக்கு ரெண்டு தடவை சொல்லியிருக்கே. ரெண்டு தடவையும் நான் நம்புனேன். சரியாயிட்டா இல்லையான்னு கையைக் குடுத்தவதான் சொல்லணும். செண்பகா, இங்க வாம்மா.”

வந்தாள். அடுத்த வாரம் ஆபரேஷன் என்பதால் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டிருந்தார்கள். அந்தக் கையை எல்லோரும் பார்க்கும்படி நடுக்கூடத்தில் நின்றாள்.

“சரியாகல” என்றாள். “நான் வரமாட்டேன்.”

“பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல?” என்று சம்பந்தியம்மாள் எழுந்தாள். “நீங்க என்ன சம்பந்தி, பொம்பளப் பிள்ளையப் பேச விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

நான் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. பிரமு அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். வாசல் வரை கொண்டுபோய், அவர்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

“வெயில் ஏறுமுன்ன கெளம்புங்க” என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பாலுச்சாமி வீட்டுக்குப் போனேன். கொடை நேற்றே முடிந்துவிட்டதாம். “அன்னைக்கு நான் உன்கிட்டக் கேட்டிருக்கணும்” என்றேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு சொல்ல எனக்கு அவ்வளவுதான் வந்தது.

“ஆமா” என்றான். பிறகு கொடைப் பிரசாதம் எடுத்துவர உள்ளே போனான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

செண்பகா வீட்டில் இருக்கிறாள். மாலையில் தெருப் பிள்ளைகளோடு ஏதோ சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மிருதுளா மறுபடி நிலவறைக்குள் இறங்கிவிட்டாள். இந்தத் தடவையும் அகல் விளக்குத்தான்.

நாளை வெள்ளி, நாளை மறுநாள் சனி, அதற்கடுத்தது ஞாயிறு. யாரையும் எங்கும் அனுப்பவில்லை.